கீழச் சுவருக்கு வாங்கிய கருப்பட்டி

கிட்ட வந்து உட்காரு தாயி. அந்த முக்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பலகையில் உட்காரு. இதுவும் பழைய வீட்டுக் கதவுதான், மேலே பாதி உளுத்துப் போச்சு என்று கீழ்ப் பாதியை அறுத்து இப்படி ஆக்கினோம். டீச்சர் சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள். அதற்குள் உனக்கு ஒரு காபி தருகிறேன். சீனிக் காபிதான். சுற்றிலும் பனைமரமாக நிற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு கருப்பட்டி கிடையாதா என்று கேட்காதே. இந்த வீட்டில் நான் இருக்கும் வரைக்கும் காபிக்குக் கருப்பட்டி கிடையாது.

வந்ததும் வராததுமாக நீ கேட்டாயே, இந்த அறைச் சுவர் முழுக்க முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று இருக்கிறது, வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை என்று. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே, வெள்ளத்தாயைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒவ்வொருத்தருக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒருத்தருக்கு மழைத்தண்ணீர் என்றேன். ஒருத்தருக்குப் பூனை என்றேன். பூனை எப்படிப் பூச்சுக்குள் போகும் என்று அவரும் கேட்கவில்லை. நீ மண் வீடு கட்டப் போகிறேன் என்கிறாய். சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் எங்கே கிடைக்கும் என்று எழுதிக்கொள்ள நோட்டு வேறு வைத்திருக்கிறாய். உன்னிடம் பூனை என்று சொன்னால் எனக்குத்தான் பாவம். அந்த நோட்டை மூடி வை. இது எழுதுகிற விஷயம் இல்லை.

அமலோற்பவம் டீச்சர் இந்த இடத்தை வாங்கும்போது இங்கே ஒரு பழைய மண் வீடு பாதி விழுந்து நின்றது. ஊரில் எல்லாரும் இடித்துத் தள்ளிவிட்டு காங்கிரீட் போடுங்கள் டீச்சர், ஆறே மாதம் என்றார்கள். டீச்சர் முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவர்கள், சொன்னதைக் கேட்கிற ஆளா. இடிக்கிற வீட்டிலிருந்து குப்பை என்று ஒரு வண்டிகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று எங்களை நிற்க வைத்துச் சொன்னார்கள். எங்களுக்குச் சிரிப்பு. நாங்கள் அதுவரை குப்பையை வண்டியில் ஏற்றித்தானே பழக்கம்.

நாங்கள் என்றால், தலைவர் ஆவுடையப்பன் கொத்தனார். அவருக்குக் கீழே இன்னும் இரண்டு கொத்தனார்கள். நான் ஒரு சித்தாள், முப்புடாதி ஒரு சித்தாள். இன்னும் மண் மிதிக்க மூன்று பேர். சித்தாள் என்றால் தெரியுமல்லவா? கொத்தனார் கேட்கிற சாந்தைச் சட்டியில் சுமந்து போய்க் கொடுக்கிறவள். நான் முப்பத்தோரு வருஷம் சட்டி சுமந்தவள் தாயி. என் தலையில் துணியைச் சுற்றிச் சும்மாடு வைக்கிற இடத்தில் முடியே கிடையாது, பார்க்கிறாயா? வேண்டாம், விடு.

முப்புடாதியை வேலைக்குக் கூட்டி வந்ததே நான்தான். எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பிள்ளை. என்னை அண்ணி முறை வைத்து மயினி என்று கூப்பிடுவாள். அவள் புருஷன் கேரளாவுக்குப் போய் வருகிறேன் என்று போனவன் போனவன்தான். வா ஏட்டி, சட்டி தூக்கத் தெரிந்தால் கஞ்சி நிச்சயம் என்று அழைத்து வந்தேன். சும்மாடு சுற்றக்கூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அவள்மேல் பொறாமை என்று பிறகு சிலபேர் பேசினார்கள். பொறாமைப்படுகிறவள் கூட்டி வருவாளா, நீயே சொல்லு.

கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. பழைய சுவர் மண்ணை எல்லாம் ஒரே குவியலாக்கி ஊறப்போடச் சொன்னார் ஆவுடையப்பன். இவள் பின்பக்கத்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது உப்பு கரிக்குது, ஆட்டுக்கொட்டில் இருந்த இடம் போல, சுவரில் ஏற்றினால் உப்புப் பூத்து உதிரும், வாழைக்குப் போடலாம் என்றாள். டீச்சர் உடனே அந்தக் குவியலை வாழைக்கு மாற்றச் சொன்னார்கள். நீ பார்த்தாயே பின்னால் ஏழெட்டு வாழை, அதற்கு அடியில் கிடப்பது அந்த மண்தான். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் காதைக் கொடுத்துக் கேட்பாள். கொதிப்பு அடங்கிப்போச்சே, அள்ளுவோமா என்று ஆட்கள் கேட்டால், இன்னும் உள்ளே முனங்குது, நாளைக்கு அள்ளலாம் என்பாள். அள்ளாமல் விட்ட அன்றைக்குச் சாயங்காலம் நான் போய்க் காதைக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு நல்ல காது. முனங்கத்தான் செய்தது. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உடைந்த கூரை ஓடுகளை எல்லாம் இடித்துத் தூளாக்கிச் சாந்தில் சேர்த்தோம். கூரையைத் தாங்கின பனங்கைகளை எடுத்துத் துடைத்து மறுபடி கூரைக்கே ஏற்றினோம். எல்லாம் இவள் யோசனை என்று சொல்ல மாட்டேன். பாதி இவள் யோசனை.

இப்போது கருப்பட்டிக்கு வருகிறேன்.

பூச்சுக்கான சுண்ணாம்பை வெறும் தண்ணீரில் குழைக்கக் கூடாது. கடுக்காயை நசுக்கி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, டிரம்மில் பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில்தான் குழைக்க வேண்டும். கடுக்காய் கெட்டி கொடுக்கும், கருப்பட்டி பிடிப்புக் கொடுக்கும் என்று டீச்சர் எங்கேயோ போய்ப் பழைய ஆட்களிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு டிரம்முக்கு முப்பது கருப்பட்டி. மூன்று டிரம்முக்குத் தொண்ணூறு. பனை சீசன் முடிகிற ஆடி மாதம், பனையேறி வீட்டுக்கே போய் ஒரு பெரிய ஓலைப்பெட்டி நிறைய வாங்கி வந்து அறையில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்கள். இனி அடுத்த பங்குனிக்குத்தான் நல்ல கருப்பட்டி, பார்த்துக்கோ வெள்ளத்தாய் என்றார்கள். மூத்தவள் நான்தானே. ஊறல் பொறுப்பு என் பொறுப்பு.

ஊறல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாலாம் நாளே அந்த டிரம் பொங்கி ஒரு வாசம் கிளம்பியது பாரு, தெருமுனை வரை அடித்தது. எவனோ போய்ச் சொல்லி, ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். இங்கே என்ன காய்ச்சுறீங்க என்று அதட்டிக்கொண்டே வந்தவர் டீச்சரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். டீச்சரிடம் எட்டாம் வகுப்புப் படித்தவராம். சுவருக்குத்தான் டேனியல், நீ வேண்டுமானால் ருசி பாரு என்றார்கள். அவர் விரலை விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். கடுக்காய்த் துவர்ப்பு அப்படி.

நான் சொல்ல வந்தது அது இல்லை. தள்ளிப் போடுகிறேன், எனக்கே தெரிகிறது.

பதினோரு மணிக்கு எல்லாருக்கும் ஒரு காபி வேண்டும் தாயி. மண் மிதிக்கிறவனுக்குக் கால் இழுக்கும், சட்டி சுமக்கிறவளுக்குக் கழுத்து இறங்கும். டீச்சர் காபித்தூள் வாங்கி வைத்திருந்தார்கள். சீனி தீர்ந்துபோச்சு ஒரு நாள். கடைக்குப் போக ஆள் இல்லை. அறைச் சாவி என் இடுப்பில். ஒரே ஒரு கருப்பட்டி. தொண்ணூறில் ஒன்று. எடுத்துத் தட்டிப் போட்டு, சுக்கு ஒரு துண்டு நசுக்கிப் போட்டுக் கடுங்காபி வைத்தேன். அதைக் குடித்துவிட்டு ஆவுடையப்பன் கொத்தனார் டம்ளரை மறுபடி நீட்டினார். பிறகு, வெள்ளத்தாயி, இத்தனை வருஷமா இந்தக் கையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே என்றார்.

இருபது வருஷம் அந்த மனுஷனுக்குச் சாந்து சுமந்திருக்கிறேன். தண்ணி கூடிப்போச்சு, மணல் கூடிப்போச்சு என்பதைத் தவிர என் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் சீனி வந்துவிட்டது. நான் சீனி போடவில்லை. ஏது கருப்பட்டி என்று ஒருவர் கேட்டார். வீட்டிலிருந்து கொண்டு வாரேன் என்றேன். அவ்வளவுதான், அது வாயிலிருந்து விழுந்துவிட்டது, இனி அதை அள்ள முடியாது. தினம் ஒன்று. சில நாள் ஒன்றரை. பதினோரு மணி எப்போது வரும் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். டீச்சரும் குடித்தார்கள். உன் வீட்டுக் கருப்பட்டி நல்ல பதம் வெள்ளத்தாய், உனக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி, தன் வீட்டுப் பித்தளைத் தூக்குச்சட்டியைக் காபிக்கென்று எனக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கருப்பட்டியை அவர்களுக்கே காய்ச்சிக் கொடுத்து அவர்கள் தூக்குச்சட்டியையும் வாங்கிக்கொண்டவள் நான். அதோ, அந்த மாடத்தில் இருக்கிறது. தினம் துலக்குகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், வீட்டுக்கு நான் ஒரு துண்டுகூடக் கொண்டு போனதில்லை. எல்லாம் எல்லாரும் குடித்ததுதான். எனக்குக் கடைசியில் ஒரு டம்ளர் மிஞ்சும். சில நாள் இரண்டு.

முப்புடாதி மட்டும் குடிக்க மாட்டாள். நீட்டினால், எனக்கு வேண்டாம் மயினி என்பாள். ஏன்டி என்றால், வயித்துக்கு ஒத்துக்கலை என்பாள். போடி பெரிய இவள் என்று நான் அடுத்த ஆளுக்கு நீட்டிவிடுவேன். கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். எல்லாரும் புகழும்போது ஒருத்தி மட்டும் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் குடித்தால் உனக்கு எப்படி இருக்கும்?

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் அந்தப் பேச்சை எடுத்தார்கள். சமையல் அறைப் பூச்சு முடிந்திருந்தது. ஆவுடையப்பன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கதவுக்குப் பின்னால் ஒரு முழம் இடத்தை முப்புடாதி தானே பூசி, கூழாங்கல்லால் தேய்த்து வைத்திருக்கிறாள். டீச்சர் அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இது யார் கை என்று கேட்டார்கள். எல்லாருக்கும் மத்தியில், முப்புடாதி, கிழக்கே இருக்கிற கீழச் சுவரை வெளிப்பக்கம் நீ பூசு, அது இந்த ஐப்பசி மழைக்கு நின்றுவிட்டால் நடு அறை முழுக்க உன் பூச்சுக் கரண்டிதான், நீயும் ஒரு கொத்தனார்தான் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பொம்பளை கையில் கரண்டி கொடுக்கிற வழக்கம் இல்லை தாயி. இருபது வயசில் சட்டி தூக்க வந்தால் அறுபது வயசில் சட்டியோடுதான் இறங்கணும். நேற்று வந்த ஆம்பளைப் பிள்ளை மூன்று வருஷத்தில் கரண்டி பிடித்துவிடும். ஆவுடையப்பன் சிரித்தார். டீச்சர் சொல்லை மறுக்க முடியாமல், மழை வந்தா தெரிஞ்சுரும் என்றார். முப்புடாதி சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஏன் இல்லாமல்? நான் கூட்டி வந்த பிள்ளை. முப்பத்தோரு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தர்கூட, வெள்ளத்தாயி நீ ஒரு முழம் பூசிப் பாரேன் என்று சொன்னதில்லை, அதற்காக நான் அழுதேனா? அன்றைக்குத் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். அது வெயிலால்.

கீழச் சுவருக்கான மூன்றாவது டிரம் போடப் பெட்டியைத் திறந்தேன். பதினொன்று இருந்தது.

கையை விட்டுத் துழாவினேன், ஓலைதான் கையில் பட்டது. முந்தின டிரம்களிலும் நாலு குறைத்து, ஆறு குறைத்துத்தான் போட்டிருந்தேன். ஆனாலும் பதினொன்று என்று நான் நினைக்கவில்லை. ஆவணி மாதம், எங்கே போய்க் கேட்பது? டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், காபி? அந்தக் கை எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்ட மனுஷன் என்ன கேட்பார்? பதினொன்றையும் தட்டிப் போட்டேன். ஈடுகட்ட கடுக்காயை இரண்டு கை கூடப் போட்டேன். சுவருக்கு என்ன நாக்கா இருக்கிறது, இனிப்புக் குறைந்தால் கேட்கவா போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுவருக்கு நாக்கு இல்லை. அவளுக்கு இருந்தது.

பத்தாம் நாள் டிரம்மைத் திறந்து விரலை விட்டு வாயில் வைத்தாள். இன்னொரு தடவை விரலை விட்டு, நாக்கிலேயே நிறுத்திப் பார்த்தாள்.

"மயினி, இதுல கடுக்காய் மட்டும்தான் பேசுது."

"நாள் ஆக ஆக இனிப்பு அடங்கிரும். உனக்கு என்ன தெரியும்?"

"முதல் டிரம்முல அடங்கலையே."

"ஏட்டி, கரண்டி கொடுத்த மறுநாளே எனக்குப் பாடம் எடுக்கியா? சும்மாடு சுத்திக் கொடுத்தவ நானு."

ஆவுடையப்பனிடம் போய், இந்த ஊறல் வேண்டாம், இன்னொரு ஊறல் போட்டுப் பூசலாம், பத்து நாள் தள்ளலாமா என்று கேட்டாள். பயமா இருந்தால் கரண்டியைக் கீழே வை, நான் பூசிக்கிடுதேன் என்றார் அவர். மழை மேகம் வருவதற்குள் காய வேண்டும். அவள் என்ன செய்வாள்? பூசினாள். நான்தான் அவளுக்குச் சட்டி சுமந்து கொடுத்தேன். சாரத்தில் நின்றுகொண்டு குனிந்து என் தலையிலிருந்து சட்டியை வாங்கும்போது ஒவ்வொரு தடவையும், மெதுவா மயினி, மெதுவா மயினி என்பாள். நாலு நாள். கன்னம் மாதிரி தேய்த்து வைத்தாள் அந்தச் சுவரை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஐப்பசி பதினைந்துக்குமேல் பிடித்தது மழை. கீழக் காற்றோடு சாய்ந்து சாய்ந்து அடித்தது ஆறு நாள். ஏழாவது நாள் வெயில் வந்தது, நாங்கள் எல்லாரும் வந்து பார்க்கிறோம். சுவர் நிற்கிறது. மேலே பூச்சு இல்லை. பாதிக்குமேல் சொதசொதவென்று வழிந்து கீழே கிடக்கிறது. மீதி, கையை வைத்தால் மாவு மாதிரி வருகிறது.

ஆவுடையப்பன் ஒன்றும் சத்தம் போடவில்லை. மண்ணைக் காலால் ஒதுக்கிவிட்டு, கை சரியில்லைன்னா சுண்ணாம்பு என்ன செய்யும் டீச்சர் என்றார். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நியாயமான மனுஷி. ஒரு பக்கப் பேச்சைக் கேட்டு முடிவு செய்கிறவர்கள் இல்லை. என் பக்கம் திரும்பி, "வெள்ளத்தாய், ஊறல் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

"சரியாத்தான் இருந்துச்சு டீச்சர்."

இவ்வளவுதான் தாயி நான் சொன்னது. வேறு ஒரு வார்த்தை நான் அவளைப் பற்றிக் குறை பேசவில்லை. கை சரியில்லை என்று சொன்னது அவர். நான் சொல்லவில்லை.

முப்புடாதி வாயைத் திறப்பாள் என்று பயந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள். பிறகு கரண்டியைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டு, சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்து, உதிர்ந்த பூச்சைச் சட்டியில் அள்ள ஆரம்பித்தாள். அதையும் வீணாக்காமல் சலித்துத் தரைக்குப் போட்டோம். டீச்சர் விதி.

அன்றைக்கும் பதினோரு மணி வந்தது. பெட்டி காலியான நாளிலிருந்து வைக்கிற அதே சீனிக் காபியை வைத்தேன். வீட்டில் இன்னும் கருப்பட்டி வரலை என்றேன். ஐயோ பாவம் என்றார்கள்.

மழைக்காலம் முழுக்கத் தரை வேலை, கதவு வேலை என்று போனது. பங்குனி பிறந்ததும் டீச்சர் மறுபடி முப்பது கருப்பட்டி வாங்கி வந்து கொடுத்தார்கள். இந்தத் தடவை ஒரு துண்டு குறையாமல் போட்டேன். தூள்கூட உதறிப் போட்டேன். செய்த தப்பைச் சரி செய்கிறோம் என்று மனசுக்குள்ளே ஒரு நிம்மதி. ஆவுடையப்பன் கீழச் சுவரைப் பூசினார். சித்திரையில் கோடை மழை ஒன்று, கல்லை எறிகிற மாதிரி விழுந்தது. சுவர் அசையவில்லை. அவர் சுவரைத் தட்டிக் காட்டி, அதே மண்ணு, அதே சுண்ணாம்பு, அதே ஊறல், இப்போ நிக்குது பாத்தியளா என்றார்.

அதே ஊறல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஒழுங்காக ஊறல் போட்டதுதான் அவள் கை சரியில்லை என்பதற்குச் சாட்சியாகப் போச்சு. திருடினதில் பாதி கெடுத்தேன். திருடாமல் இருந்ததில் மீதியையும் கெடுத்தேன்.

மறுநாள் முப்புடாதி வரவில்லை. ஹாலோபிளாக் பட்டறையில் கல் அடுக்கப் போய்விட்டாள் என்றார்கள். நடு அறைப் பூச்சு பாக்கி கிடந்தது. அவள் பூச வேண்டிய அறை. நான் அதைக் கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். மண் சுவர், மொட்டையாக, காத்துக்கொண்டு.

ஒரு வாரம் பார்த்தேன். எட்டாவது நாள் பட்டறைக்கு நடந்தே போனேன். சிமெண்ட் தூசி பறக்கிற இடத்தில் கண் மட்டும் தெரிகிற மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மயினி, இந்த வெயில்ல எதுக்கு வந்திய?"

"ஏட்டி, அந்த மூணாவது டிரம்முல..."

"தெரியும் மயினி."

"என்ன தெரியும்?"

"முதல் டிரம்முலயே தெரியும். ரெண்டாவதுல நல்லாத் தெரியும்."

அங்கேயே ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். "தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?" என்றேன். கேட்கிற முகத்தைப் பாரு எனக்கு.

"சொன்னேனே."

"எப்போ சொன்ன?"

"தினம் பதினோரு மணிக்குச் சொன்னேன். நீங்கதான் அடுத்த ஆளுக்கு நீட்டிட்டுப் போயிட்டிய."

கல்லை அடுக்கிக்கொண்டேதான் பேசினாள். கோபமாகப் பேசினால்கூடப் பரவாயில்லை. "சுவர் விழுந்ததுக்கு நான் அழல மயினி. டீச்சர் கேட்டாவள்ளா, நீங்க சரியாத்தான் இருந்துச்சுன்னிய. அப்போ ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன், நம்ம கைதான் சரியில்ல போலன்னு. அதான்."

டீச்சரிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீ திரும்பி வா என்றேன். சொல்லுங்க, சொல்லிட்டு ஆள் அனுப்புங்க என்றாள். நான் எழுந்து கொஞ்ச தூரம் போனபிறகு கூப்பிட்டு, வெயிலா இருக்கு, தலையில முந்தானையைப் போட்டுக்கிட்டுப் போங்க என்றாள். அதற்குப் பதில் என் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம்.

போன மறுநாள் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வாய் வரை வந்தது. டீச்சர் திரும்பி, என்ன வெள்ளத்தாய் என்றார்கள். ஒன்றும் இல்லை டீச்சர், வாழை குலை தள்ளியிருக்கு என்றேன். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டுக்கு நான் வாங்கி வைத்திருந்த கருப்பட்டியைக் கொண்டு வந்து காபி போட்டுக் கொடுத்தேன். நிஜமாகவே என் கருப்பட்டி. எல்லாரும் அதே மாதிரி உறிஞ்சிக் குடித்து அதே மாதிரி ஆஹா என்றார்கள். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாவது நாள் ஆவுடையப்பன் நடு அறையை ஆரம்பிப்பதாகப் பேச்சு. சாந்து குழைத்துத் தொட்டியில் கொட்டியாகிவிட்டது. முதல் பலகை அள்ளுவதற்குள் பதினோரு மணி ஆனது. இதே இடத்தில்தான் எல்லாரும் சுற்றி நின்றோம். டீச்சர் அந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தேன். கடைசியாக ஒரு கை நீண்டது. வளையல் இல்லாத, சிமெண்டில் வெடித்த கை. நிமிர்ந்து பார்க்கிறேன், முப்புடாதி. வேலைச் சட்டை போட்டிருக்கிறாள், சும்மாடு கையில் இருக்கிறது. பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள், யாரும் கூப்பிடவில்லை.

"எனக்கும் ஒரு கிளாஸ் தாங்க மயினி."

டீச்சருக்கு ஆச்சரியம். முப்புடாதி காபி குடிக்கிறாளா, இது என்ன அதிசயம் என்றார்கள். அரை கிளாஸ்தான் ஊற்றினேன். அவள் ஒரு மிடறு வாயில் வைத்து, ஊறலை ருசி பார்க்கிற மாதிரியே நிறுத்தி, பிறகு விழுங்கினாள்.

"இது உங்க வீட்டுக் கருப்பட்டி" என்றாள்.

இது என்று சொன்னதில் எந்த அழுத்தமும் இல்லை. ஆனால் டம்ளர் எல்லாம் நின்றுவிட்டது. டீச்சர்தான் கேட்டார்கள், மெதுவாக. "அப்போ முன்னாடி குடிச்சது?"

முப்புடாதி சொல்லியிருக்கலாம், அரை வாக்கியம் போதும். சொல்லாமல் என்னைப் பார்த்தாள். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த வார்த்தையை எனக்கென்று விட்டு வைத்திருந்தாள் தாயி. நான் சொன்னேன். பெட்டி, சாவி, தினம் ஒன்று, கடைசியில் பதினொன்று, சரியாத்தான் இருந்துச்சு என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். நாம எல்லாரும் கீழச் சுவரைத்தான் குடிச்சிருக்கோம் டீச்சர் என்றேன். அழுதுகொண்டு சொல்லவில்லை. அழுதால் மன்னித்துவிடுவார்கள் என்று இருந்தது.

ஆவுடையப்பன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். தினம் இரண்டு டம்ளர் குடித்த மனுஷன். கீழச் சுவர் இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள், மாட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கு வரைக்கும் இல்லை. அறைச் சாவியையும் திருப்பிக் கேட்கவில்லை. பார், இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று இருக்கும்.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்புடாதி மட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு என்னைப் பார்த்து முடிந்துவிட்டது. சும்மாட்டை உதறி என் தோளில் போட்டாள். நேரே சாந்துத் தொட்டிக்குப் போனாள். கிளாஸில் மீதி இருந்த காபியை அந்தச் சாந்தின் ஓரத்தில் ஊற்றினாள், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். கையாலேயே குழப்பினாள். ஆவுடையப்பன் பக்கத்தில் போய், அவர் விரலுக்குள் இருந்த கரண்டியை, ஒரு குழந்தை கையிலிருந்து வாங்குகிற மாதிரி மெதுவாக வாங்கிக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்தில், நீ காட்டினாயே, அந்த இடத்தில் முதல் அப்பு அப்பினாள்.